நடக்கிறவர்கள் பின்னால் ஓடிய கார்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேன் காற்று அந்த மூலைக்கு வராது. நாளெல்லாம் வேலை பார்த்த உடம்பு, சுவரில் சாய்ந்துகொண்டே கேளுங்கள். நடுவில் கண் அசந்துபோனாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு காரின் கதை வைத்திருக்கிறேன். பளபளவென்று ஷோரூம் வாசலில் நிற்கும் கார் இல்லை. உடம்பெல்லாம் ஒட்டுப்போட்ட கிழட்டுக் கார். அதை வாங்கலாமா வேண்டாமா என்று ஒருத்தி ஒரு சாயங்காலம் பூராவும் நின்று தவித்தாள், அந்தக் கதை.

அவள் பெயர் கவிதா. செஞ்சியில் சிறுகடம்பூர்ப் பக்கம் வீடு. புருஷன் பச்சமுத்து நெல் விற்கிற மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். நெல் வரத்து இருக்கும் காலத்தில் கமிட்டி வாசலில் டிராக்டரும் லாரியும் திருவிழா போல நிற்கும். பச்சமுத்துவின் தோளுக்கு ஓய்வு கிடையாது. வரத்து நின்றுபோனால் தோளுக்கு ஓய்வுதான், ஆனால் சட்டியில் ஒன்றும் இருக்காது. அந்த வெற்று மாதங்களில் குடும்பத்தை நகர்த்தியது கவிதாவின் அடுப்பு. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூரில் கடை போடுவாள். புளிக்காய்ச்சலையும் தக்காளித் தொக்கையும் வீட்டிலேயே கிண்டி எடுத்துப் போவாள். சோறு அங்கே வடிப்பாள். நடுராத்திரியில் அம்மன் ஊஞ்சல் பார்க்க வரும் கூட்டத்துக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும். ஊஞ்சல் முடிந்து, விடிந்து, பஸ் ஏறப் போகிறவர்களுக்குச் சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும். அந்தக் குழம்புக்காகவே முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உண்டு.

ஸ்பெஷல் பஸ் திரும்பும் இடத்தில், ஒரு புங்கமரத்தடியில் அவள் கடை. அங்கே கடை போடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. அமாவாசை அன்று உச்சிப்பொழுதுக்குள் யார் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுகிறார்களோ, இடம் அவர்களுக்கு. பழையவர்கள் ஒரு அமாவாசை தப்பினால் போகட்டும் என்று மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அடுத்த அமாவாசையும் தப்பினால் இடம் கைமாறிவிடும். அப்புறம் அழுதாலும் வராது, சண்டை போட்டாலும் வராது.

அந்த வருஷம் பங்குனி அமாவாசையைக் கவிதா தப்பவிட்டாள். வருகிறேன் என்று சொன்ன லோடு ஆட்டோக்காரன் கல்யாண வாடகை கிடைத்ததென்று போய்விட்டான். அண்டா, தவலை, அரிசி மூட்டை, விறகுக் கட்டு எல்லாவற்றோடும் ரோட்டோரம் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஆளுக்கே எடம் இல்ல, இதுல அண்டாவுக்கு வேற டிக்கெட் கிழிக்கணுமா?" என்று விசில் ஊதிவிட்டான். செஞ்சி மலைப் பாறைகள் வெயிலைக் குடித்துக் குடித்து ஊர்மேல் துப்பிக்கொண்டிருந்த நாள். மத்தியானத்துக்குள் தயிர் பொங்கிப் புளித்துவிட்டது. தொக்கைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் குழி தோண்டி ஊற்றினாள். புங்கமரத்தடியில் அன்றைக்குச் சேத்துப்பட்டிலிருந்து வந்த ஒருத்தி அடுப்பு மூட்டினாளாம்.

"இந்தச் சித்திரையும் போச்சுன்னா நம்ம எடம் போச்சு அண்ணி" என்றாள் மஞ்சு. மஞ்சு, பச்சமுத்துவின் தங்கை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறாள். வாடகை ஆட்டோ; அதில் அண்டா ஏற்றினால் ஆட்டோவின் சொந்தக்காரர் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். அந்த மஞ்சுதான் கேட்டு வந்து சொன்னாள், மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் வீட்டில் பழைய கார் விலைக்கு நிற்கிறதென்று.

கையில் இருந்தது பசுவை விற்ற பணம் மட்டும்தான். பாலும் போய், கடையும் போய், வாசலில் ஓடாத காரும் நின்றால் குடும்பம் என்ன ஆகும்? கவிதாவுக்கு இரவெல்லாம் இதே யோசனை. பசுவை விற்றுக் கொடுத்த தரகர் பொன்னுசாமி, "நானும் வரேன். மாடு பாத்த கண்ணுக்கு கார் எம்மாத்திரம்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் வெயில் தாழ நாலு பேரும் மேல்சித்தாமூர் போய் இறங்கினார்கள். வேப்பமரத்தடியில் நின்றது கார். முன்பக்கம் மூக்கே இல்லாமல் மொட்டையாக, பெட்டி போல ஒரு வண்டி. உடம்பு வெள்ளை, ஒரு கதவு மட்டும் சந்தன நிறம். முன் விளக்கில் ஒன்று வட்டம், மற்றொன்று கொஞ்சம் நீள்வட்டம். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நம்மைப் பார்ப்பது போல இருந்தது. கூரைமேல் கம்பிக் கேரியர். ஆனால் கழுவித் துடைத்து, சக்கரத்தில் ஒரு பொட்டு மண்ணில்லாமல் நின்றது.

பொன்னுசாமி ஒருதரம் சுற்றி வந்தார். டயரை நகத்தால் கீறினார். பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார்.

"சுழி தேடறீங்களாண்ணே?" என்றாள் மஞ்சு.

"சிரிம்மா, சிரி. எல்லாத்துக்கும் சுழி உண்டு."

சந்தையில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். விற்கிறவன் புகழ வேண்டும், வாங்குகிறவன் குறை சொல்ல வேண்டும். இரண்டும் முட்டி மோதி நடுவில் ஒரு விலை பிறக்கும். பொன்னுசாமி வழியெல்லாம் குறைகளை அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து வெள்ளை வேட்டியோடு மெலிந்த பெரியவர் ஒருவர் வந்தார். அப்பாண்டைராஜ் நயினார். வந்தவர்களுக்குத் துணியில் வடிகட்டின தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு காரின் அருகே போய் நின்று, தானாகவே ஆரம்பித்தார்.

"இந்தக் கதவு இந்த வண்டிக் கதவு இல்ல. எங்க எருது முட்டிடுச்சு, வேற கதவு போட்டது. தள்ளித் தெறக்கற கதவு சும்மா இழுத்தா வராது, லேசா தூக்கி இழுக்கணும். கீழ தரை துருப்பிடிச்சுப் போய் தகடு அடிச்சிருக்குது. பாயைத் தூக்கிப் பாருங்க, மூணு எடத்துல வெல்டிங் தெரியும்."

பொன்னுசாமி தொண்டையைக் கனைத்தார். "அதுங்க நயினாரே, இன்ஜின் கொஞ்சம்…"

"இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்த்ததுதான். ஒருதரம் இல்ல. ரெண்டாவது கியர் சமயத்துல தானா கழண்டுக்கும், கையால பிடிச்சுக்கணும். மழை பெஞ்சா வலது பக்கம் ஒழுவும்."

"சரிங்க… ஹாரன் நல்லா கணீர்னு கேக்குமா?"

"கேக்கும். அது லாரி ஹாரன். இந்த வண்டிக்குப் பொருந்தாது. மாடு மிரளும்."

"சீட்டு நல்லா…"

"ஸ்பிரிங் போயிடுச்சு. தேங்காநார் தெணிச்சு வெச்சிருக்குது."

"அட, தேங்காநார் குளுமைங்க! ஒடம்புக்கு நல்லது!" என்று சொல்லிவிட்டார் பொன்னுசாமி.

மஞ்சுவுக்கு அடக்க முடியவில்லை. "பொன்னுசாமிண்ணே, நீங்க வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?"

பச்சமுத்துகூடச் சிரித்தான். ஆனால் பொன்னுசாமியின் முகம் சுண்டிவிட்டது. கவிதாவை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுப் போனார்.

"வேணாம்மா. வா, போயிடலாம்."

"இன்னாண்ணே திடீர்னு?"

"நானும் இத்தினி சந்தை பாத்துட்டேன். தன் மாட்டத் தானே கொறை சொல்றவன் எவனும் சும்மா சொல்ல மாட்டான். காலு நொண்டின்னு அவனே சொல்வான், நாம காலையே பாத்துக்கினு இருப்போம், வயித்துல கட்டி இருக்கும். சின்னத எல்லாம் சொல்லி பெருச மறைக்கறது. இந்த ஆளு கிட்ட ஏதோ பெருசா இருக்குது."

கவிதா திரும்பிக் காரைப் பார்த்தாள். பொன்னுசாமி கெட்டவர் இல்லை. அவர் கண் பொய் சொல்லாது. பசுவையே நல்ல கைக்குத்தான் விற்றுக் கொடுத்தார். இதற்கிடையில் மஞ்சு காரை எடுத்துக்கொண்டு பச்சமுத்துவோடு ஒரு சுற்றுப் போய் வந்தாள். இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணி, சத்தம் தகரக் கொட்டகையில மழை பெஞ்ச மாதிரி இருக்குது. ஆனா ஸ்டீயரிங் கையில பூனைக்குட்டி மாதிரி நிக்குது. பிரேக் சொன்ன எடத்துல புடிக்குது."

"நீ இன்னா சொல்ற?" என்று புருஷனைக் கேட்டாள் கவிதா.

"மூட்டையக் கேளு, எத்தினி கிலோன்னு சொல்றேன். காரப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? உன் அடுப்பு, உன் அண்டா. நீ சொல்லு."

அவன் அப்படித்தான். முடிவைத் தூக்கி மனைவி கையில் வைத்துவிட்டு ஓரமாய் நிற்பான். அதில் அலட்சியம் இல்லை, கண்ணுகளா. அவள் முடிவு தப்பாகப் போனாலும் அந்தப் பாரத்தைத் தூக்கத் தன் தோள் இருக்கிறது என்ற நினைப்பு.

கவிதா காரின் பக்கத்தில் போனாள். உள்ளே பாயைத் தூக்கிப் பார்த்தாள். வெல்டிங் அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஓரமெல்லாம் அரத்தால் அராவி, வருகிறவர்கள் காலில் குத்தாமல் வழவழவென்று பண்ணியிருந்தார். சும்மா விற்றுத் தள்ள நினைக்கிறவன் இப்படி அராவ மாட்டானே என்று நினைத்தாள். ஆனால் பொன்னுசாமி சொன்ன 'பெருசு' மனசில் கிடந்து உறுத்தியது. நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இத்தினி தடவ ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கீங்களே, வித்துட்டு வேற வண்டி வாங்கியிருக்கலாம் இல்ல? இதுல அப்படி இன்னா இருக்குது?"

நயினார் காரின் கூரையில் கை வைத்தார். "எங்க முனிவருங்க வண்டி ஏற மாட்டாங்கம்மா. எவ்ளோ தூரம்னாலும் நடைதான். பொன்னூர் மலைக்கு நடப்பாங்க, இன்னும் எங்கெங்கயோ நடப்பாங்க. கூடப் போறவங்களுக்கு அரிசி பருப்பு, பாத்திரம், வடிகட்டின தண்ணி, வழியில மயக்கம் போட்டு விழற வயசானவங்க, இதெல்லாம் ஏத்திக்கினு பின்னாலயே இந்த வண்டி போவும். அவங்க நடை எவ்ளோவோ, வண்டி வேகம் அவ்ளோதான். ஒரு நாளும் முந்தினது கெடையாது. வழியில எறும்பு சாரை போனா நிறுத்திடுவேன். அதனால கிளட்சு தேஞ்சுது, இன்ஜின் சூடாச்சு, ஒண்ணு ஒண்ணா மாத்தினேன். இப்போ எனக்குக் கண்ணு சரியா தெரியல. கண்ணு தெரியாம ஓட்டி எது மேலயாவது ஏத்திட்டா? அதான் குடுக்கறேன்."

பிறகு முன்சீட்டைத் தூக்கினார். அடியில் இன்ஜின்.

"பெரிய கொறை ஒண்ணு இருக்குது. கடைசியா சொல்லணும்னு வெச்சிருந்தேன்."

பொன்னுசாமி கவிதாவைப் பார்த்தார். 'நான் சொல்லல?' என்றது அந்தப் பார்வை.

"கோடைல பாரம் ஏத்திக்கினு போனா ஒரு எடத்துல நின்னுடும். எங்கன்னு சொல்ல முடியாது. பயப்படக் கூடாது. சாவியத் திருகிக்கினே இருக்கக் கூடாது, பேட்டரி செத்துடும். தள்ளவும் கூடாது. இதோ, இது பெட்ரோல் பம்ப். இது மேல ஈரத்துணி சுத்து. ஒருத்தர் வெத்தல போட்டு மென்னு முடிக்கற நேரம் சும்மா இரு. அப்புறம் எடு, போவும்." சீட்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். "ஆமா, நீ இதுல இன்னா ஏத்தப் போற?"

"சாப்பாடுதாங்க" என்றாள் மஞ்சு சட்டென்று.

"புளிச்சோறு, தயிர்ச்சோறு. அமாவாசைக் கடைங்க" என்றார் பொன்னுசாமி, அதைவிடச் சட்டென்று.

வழியிலேயே பேசி வைத்ததுதான். நயினார் வீட்டில் போய்க் கருவாட்டுப் பேச்சை எடுக்கக் கூடாது. கேட்டால் சாப்பாடு என்று மட்டும் சொல்ல வேண்டும். அதுவும் பொய்யில்லையே? நயினாரும் தலையாட்டிக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்திருக்கும். பொன்னுசாமி விலை பேசத் தோளிலிருந்து துண்டை எடுத்தேவிட்டார்.

கவிதாவால் முடியவில்லை. கேட்காமலே தன் பொருளின் அத்தனை குறையையும் எடுத்து வைத்த மனுஷர் எதிரில் நிற்கிறார். தன்னிடம் உள்ளதில் ஒன்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எப்படி நிற்பது? சொன்னால் கார் போகும். கார் போனால் புங்கமரத்தடி போகும்.

"ஐயா" என்றாள். "கருவாடும் ஏத்துவேங்க."

மஞ்சு கண்ணை மூடிக்கொண்டாள். பொன்னுசாமி துண்டை மறுபடி தோளில் போட்டார்.

"விடியக்காலைல கருவாட்டுக் கொழம்பு ஊத்துவேன். அதுலதாங்க எங்களுக்கு மிச்சம் நிக்கறது. முட்டையும் ஏத்துவேன். நீங்க இன்னா நெனைச்சாலும் சரி, சொல்லாம எடுத்துக்கினு போவ மனசு வரல."

நயினார் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக வீட்டுக்குள் போய்விட்டார். முற்றத்தில் அணில் ஒன்று பழைய வேப்பங்கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தது. பச்சமுத்து மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"நல்லா இருந்துது போ" என்று முணுமுணுத்தார் பொன்னுசாமி. "அரிச்சந்திரன் வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்குது."

நயினார் திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பட்டுத்துணி இருந்தது. காரின் முன்பக்கம் ஏறினார். ஸ்டீயரிங் எதிரில் ஒட்டியிருந்த சின்னத் தீர்த்தங்கரர் படத்தை நகம் படாமல் பெயர்த்து எடுத்தார். துணியில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"இது மட்டும் என்கிட்ட இருக்கட்டும்" என்றார். "வண்டிய நீ எடுத்துக்கோ."

நயினாரின் மனைவி பத்மாவதி அம்மாள் கதவருகில் நின்று சிரித்தார். "உனக்கு முன்னால வந்தவங்க எல்லாம் சுத்த சைவம்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணாங்க. ஒருத்தன் பேசும்போதே பல்லுல மாட்டின கறியக் குச்சி வெச்சுக் குத்திக்கினு இருந்தான். இவரு பொய்க்குக் குடுக்க முடியாதுன்னு அனுப்பிட்டாரு. போவட்டும், பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க. பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறதில்ல, எங்க வீட்ல அடுப்பு எரியாது."

மாட்டுச் சந்தை வழக்கப்படி, துண்டுக்கு அடியில் நயினாரின் கையும் பொன்னுசாமியின் கையும் விரல் பிடித்துக் கொஞ்ச நேரம் விலை பேசின. எத்தனை விரல் நீண்டது, எத்தனை மடங்கியது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்றுதானே துண்டு. ஆனால் கை வெளியே வந்தபோது பொன்னுசாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "நான் கேட்டதுக்கும் கீழ இறங்கறாரும்மா. இப்படி ஒரு பேரம் என் ஆயுசுல பாத்ததில்ல" என்றார். சாப்பாட்டுக்கு வெங்காயமே போடாத பரங்கிக்காய்ச் சாம்பாரும் பீர்க்கங்காய்த் துவையலும் மோரும். கவிதா இரண்டாம் முறை துவையல் கேட்டு வாங்கினாள். வெங்காயமில்லாமல் ஒரு சாம்பார் இத்தனை மணக்குமா என்று பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

சித்திரை அமாவாசை விடிந்தது. கோழி கூவும்போதே அண்டா ஏறியது, தவலை ஏறியது, அரிசியும் விறகும் ஏறின. கதவை லேசாகத் தூக்கி இழுத்தார்கள், சாத்திக்கொண்டது. வழியனுப்ப வந்த பொன்னுசாமி ஒன்றைக் கவனித்தார். கருவாட்டு ஓலைக்கூடையை மட்டும் கவிதா கூரைமேல் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள அவ்ளோ எடம் கெடக்குதே, எதுக்கும்மா மேல?"

"காத்தாட வரட்டும்ணே."

"உள்ள வெக்க வேணாம்னு நயினாரு ஒண்ணும் கேக்கலியே."

"கேக்கல" என்றாள் கவிதா, முடிச்சை இறுக்கிக்கொண்டே. "அதான்."

கிளம்பும் நேரத்தில் அடுப்புக்கல் ஒன்று உடைந்து, வேறு கல் தேடி, வெகுநேரம் தாமதமாகிவிட்டது. வளத்தி தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. முன்னாலும் பின்னாலும் ஸ்பெஷல் பஸ்கள், மஞ்சள் சேலைக் கூட்டம், வேப்பிலை செருகின டிராக்டர்கள். ஊர்ந்து ஊர்ந்து போன கார், ஒரு ஏற்றத்தில் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

மஞ்சுவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை சாவிக்குப் போனது.

"தொடாத!" என்றாள் கவிதா.

பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருத்தன் தலையை நீட்டினான். "எக்கா, காயலாங்கடைக்குப் போற வழி இது இல்ல!" இன்னும் நாலு பேர் இறங்கித் தள்ள வந்தார்கள்.

"தள்ளாதீங்கப்பா, சாமி, தள்ளாதீங்க!" கவிதா சீட்டைத் தூக்கினாள். சூடு முகத்தில் அடித்தது. தயிர்த் தவலையைச் சுற்றியிருந்த ஈரத்துணியை உருவிப் பம்பின்மேல் சுற்றினாள். பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"வெத்தல போடு."

"இப்பவா?"

"இப்பத்தான். நல்லா மென்னு."

நடுரோட்டில், நூறு பேர் பார்க்க, பச்சமுத்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினான். சுண்ணாம்பு தடவினான். பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டு மென்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சேத்துப்பட்டுக்காரி இந்நேரம் கல்லைக் கூட்டியிருப்பாள் என்று கவிதா நினைத்தாள். ஆனால் அவள் அசையவில்லை. வரப்போவது என்னவென்று தெரிந்தவளுக்கு இருக்கும் நிதானம் அது. பெரிய குறை என்று நயினார் சொன்னது இதுதான், சொன்னபடியே வந்திருக்கிறது. அப்படியானால் மிச்சமும் சொன்னபடியே வரவேண்டுமே.

பச்சமுத்து ஓரமாய்ப் போய்த் துப்பிவிட்டு வந்தான். "ஆச்சு."

மஞ்சு சாவியைத் திருப்பினாள். தகரக் கொட்டகையில் மழை பெய்யத் தொடங்கியது.

பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தம் போட்டுக் கை தட்டினார்கள். மஞ்சு பதிலுக்கு லாரி ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினாள். வயலில் மேய்ந்த மாடு ஒன்று மிரண்டு ஓடியது. அதையும் அவர் முன்பே சொல்லியிருந்தாரே!

புங்கமரத்தடியில் சேத்துப்பட்டுக்காரி கல்லைக் கூட்டிவிட்டு, நெருப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றாள். மர நிழல் இன்னும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. காரையும், அதன் சுருங்கின கண்ணையும், கூரைமேல் ஆடி வந்த ஓலைக்கூடையையும் பார்த்தாள்.

"வந்துட்டியா?" என்றாள். "நான் மூட்டிடலாமான்னு பாத்தேன். உச்சி ஆவலியேன்னு நின்னேன்."

"நின்னியே, அது போதும்" என்றாள் கவிதா. "பக்கத்துல போட்டுக்கோ. மரத்துக்கு நெழலு ரெண்டு பக்கமும் இருக்குது."

சேத்துப்பட்டுக்காரி கொடுத்த அதே தீக்குச்சியில் கவிதா அடுப்பை மூட்டினாள்.

அந்தக் கார் இன்னும் ஓடுகிறது, கண்ணுகளா. அமாவாசைக் காலையில் செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் ரோட்டில் நின்று பாருங்கள். வெள்ளை உடம்பு, சந்தனக் கதவு, கூரைமேல் கயிறு கட்டின ஓலைக்கூடை. வெயில் காலமானால் எங்கேயாவது ஓரமாய் நிற்கும். பக்கத்தில் ஒரு மனுஷன் அவசரமே இல்லாமல் வெற்றிலை மென்றுகொண்டிருப்பான். பார்த்தால் சிரிக்காதீர்கள், கை காட்டிவிட்டுப் போங்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் பொருள் பழசானாலும் மெய் சொல்லுகிறவர் கையிலிருந்து வரட்டும். நடுவழியில் நின்றாலும் மறுபடி கிளம்பட்டும். உங்கள் அடுப்பு உச்சிக்கு முன்னால் எரியட்டும், பக்கத்து அடுப்பும் கூடவே எரியட்டும். உங்கள் வாசலில் நிற்கும் வண்டி, உங்கள் பிள்ளைகளைப் போன இடத்திலிருந்து பத்திரமாய்த் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நல்லா இருங்கள், என் கண்ணுகளா. குடும்பத்தோடு நல்லா இருங்கள்.